தடுப்பூசிக் குப்பியும் சுண்டெலிக் கூண்டும்



தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று சொன்னதுமே முன்வரிசையில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பின்வரிசை மாணவர்களுக்கு அது பாட்டி சொன்ன கதை. நாய் கடித்துவிட்டால் அரசு மருத்துவமனை வாசலில் நாள் தவறாமல் போய் நின்று, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை அது. அந்த மருந்தை ஆட்டு மூளையில் செய்தார்கள். கசௌலி ஆய்வகத்தில் டேவிட் செம்பிள் 1911 வாக்கில் உருவாக்கிய முறை. செம்மறியாட்டின் மூளைக்குள் வெறிநோய்க் கிருமியைச் செலுத்துவார்கள். ஆட்டுக்கு நோய் முற்றியதும் மூளையை எடுத்து அரைத்து, ஃபீனால் சேர்த்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்வார்கள். அதுதான் ஊசி மருந்து.

அந்த ஊசியில் கிருமியோடு ஆட்டின் நரம்புப் பொருளும் சேர்ந்தே உடலுக்குள் போனது. நரம்புக்கு உறையாக இருக்கும் மயலின் என்ற பொருளைச் சிலரின் உடல் பகையாகக் கருதி எதிர்த்தது. எதிர்க்கப் பழகிய உடல் தன் சொந்த நரம்புகளையும் விட்டுவைக்கவில்லை. வெறிநோய்க்குப் பயந்து ஊசி போட்டுக்கொண்டு, அந்த ஊசியாலேயே கால் விழுந்துபோனவர்கள் இருந்தார்கள். 2004ஆம் ஆண்டின் கடைசியில்தான் இந்தியா இதை முற்றிலும் நிறுத்தியது.

இன்று போடும் ஊசி செல் வளர்ப்பில் உருவாவது. பெரும்பாலும் வீரோ செல்கள். 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில், ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களின் வழிவந்தவை அவை. அதன்பின் குடுவைகளிலேயே பெருகிவருகின்றன. 1907இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிறுவனமும் ஆட்டு மூளையை விட்டு வீரோ செல்லுக்கு மாறியது. ஊசி எண்ணிக்கை குறைந்தது, வயிற்றிலிருந்து கைக்கு வந்தது, பக்கவாத பயம் போனது. மருந்துக்காக விலங்கைக் கொல்வதை விட்டபோது மனிதருக்கு இத்தனை நன்மை கிடைத்தது. இன்றைய பேச்சுக்கு இதுவே அடிப்படை.

இப்படிச் செல்லில் உருவாகும் மருந்தின் ஒவ்வொரு பேட்சும் நல்லதுதானா என்று பார்க்க நாம் எங்கே போகிறோம்? சுண்டெலிக் கூண்டுக்கு. வெறிநோய்த் தடுப்பூசியின் வீரியத்தைப் பார்க்க உலகெங்கும் பல பத்தாண்டுகளாக நடக்கும் சோதனையை விவரிக்கிறேன். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசியைப் பல அளவுகளில் நீர்க்கச் செய்து, சுண்டெலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை வயிற்றறைக்குள் ஊசி போடுவார்கள். முதல் ஊசி போட்ட பதினான்காம் நாள் ஒவ்வோர் எலியின் மூளைக்குள்ளும் உயிருள்ள வெறிநோய்க் கிருமியைச் செலுத்துவார்கள். பிறகு பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். எத்தனை எலிகளுக்கு நடுக்கமும் பக்கவாதமும் வருகின்றன, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணி, ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மருந்தோடு கணக்குப் போடுவார்கள். ஒரு சோதனைக்கு நூறுக்கும் மேற்பட்ட எலிகள். தயாரிப்பவர் ஒரு முறை செய்ய, நம் நாட்டில் கசௌலி மத்திய மருந்து ஆய்வகம் போன்ற கட்டுப்பாட்டு ஆய்வகமும் சோதிக்க வேண்டும். ஏற்றுமதியானால் வாங்கும் நாடும் திரும்பக் கேட்கலாம்.

இத்தனை வேதனைக்குப் பிறகு கிடைக்கும் விடையாவது உறுதியானதா? ஒரு டோஸில் குறைந்தது 2.5 சர்வதேச அலகு வீரியம் இருக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய மருந்துத் தரநூல், இந்தச் சோதனையில் கிடைக்கும் மதிப்பின் நம்பக எல்லை 25 சதவீதத்துக்கும் 400 சதவீதத்துக்கும் இடையே இருந்தால் போதும் என்கிறது. அதாவது, விடை 4 அலகு என்று வந்தால், உண்மை 1 ஆகவும் இருக்கலாம், 16 ஆகவும் இருக்கலாம். அந்த அளவு தடுமாற்றத்தை விதியே அனுமதிக்கிறது. எலிக்கு எலி உடல்வாகு மாறும், ஊசி போடுபவர் கை மாறும், செலுத்தும் கிருமியின் அளவு நாளுக்கு நாள் மாறும். நாய் மனிதனின் கையையோ காலையோ கடிக்கிறது. சோதனையில் கிருமி நேராக மூளைக்குள் போகிறது. தரக்கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டவர்கள் யாரிடமும் கேளுங்கள். நல்ல மருந்து தோற்பதும், திரும்பச் சோதித்தால் தேறுவதும் அவர்கள் அறிந்ததுதான். அதற்குள் மாதங்கள் போய்விடும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இல்லாமல் போகும்.

ஆகவே என் வாதத்தை இரக்கத்தின் மேல் மட்டும் நிறுத்தவில்லை. இரக்கம் வேண்டும், அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஒரு சோதனையை அளவீடாகப் பார்த்து, அது சரியாக அளக்கிறதா என்று கேட்டாலே போதும். ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தையின் பக்கம் நின்று கேட்டாலும் விடை அதேதான்.

விலங்குச் சோதனைகள் எப்படி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றைக் கொண்டுவந்தவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். 1901இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த டிஃப்தீரியா சீரத்தில் டெட்டனஸ் நஞ்சு கலந்து 13 குழந்தைகள் இறந்தார்கள். 1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், ஹாஃப்கின் என்பவர் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட 107 பேரில் 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். அந்தக் காலச் சோதகர்கள் கையில் இருந்த கருவி விலங்கின் உடல்தான். ரசாயனப் பகுப்பாய்வு அன்று அவ்வளவு வளர்ந்திருக்கவில்லை. எனவே மருந்தைக் கினிப்பன்றிக்கும் எலிக்கும் போட்டு, ஒரு வாரம் உயிரோடு, எடை குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வந்தது. அது பொதுப் பாதுகாப்புச் சோதனை என்ற பெயரில் உருண்டு திரண்டு விதியாகி, நூறாண்டு நின்றது.

முல்கோவாலுக்குத் திரும்புவோம், அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இறந்த 19 பேருக்கும் ஒரே குப்பியிலிருந்துதான் மருந்து போயிருந்தது. அந்தக் குப்பியின் மூடியைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி, திறப்பதற்கு முன் தரையில் விழுந்து, சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாமலேயே பயன்பட்டிருக்கிறது என்பது பின்னர் வெளிப்பட்டது. ஹாஃப்கின் ஐந்தாண்டுகள் பழி சுமந்தார். 1907இல்தான் அவர் குற்றமற்றவர் என்று ஆனது. அந்தத் தயாரிப்பின் வேறு குப்பிகளை எத்தனை கினிப்பன்றிகளுக்குப் போட்டிருந்தாலும், கிராமத்தில் தரையில் விழுந்த இடுக்கியை அவை காட்டிக்கொடுத்திருக்குமா? தவறு நடந்த இடம் வேறு, சோதித்துப் பார்க்கும் இடம் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2018இல் அந்தப் பழைய பொதுப் பாதுகாப்புச் சோதனையைத் தன் பரிந்துரைகளிலிருந்து நீக்கியது. ஐரோப்பா 2019இல் நீக்கியது. இந்தியத் தரநூலும் 2018 பதிப்பில், சீரான தயாரிப்பைக் காட்டும் தடுப்பூசியாளர்கள் அதிலிருந்து விலக்குப் பெற வழிவைத்தது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் நானே சொல்லிவிடுகிறேன். 1955இல் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசி வெளியானபோது, கட்டர் நிறுவனத்தின் மருந்தில் கிருமி முழுக்கச் செயலிழக்காமல் இருந்ததால் சுமார் 200 பேர் பக்கவாதத்துக்கு ஆளானார்கள், 10 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, அரசு ஆய்வகத்தில் இருந்த பெர்னிஸ் எடி என்ற அம்மையார், அந்த மருந்து போட்ட குரங்குகள் முடங்குவதைக் கண்டு எச்சரித்தார். அவர் பேச்சு அம்பலம் ஏறவில்லை. அங்கே குரங்கு உண்மையைச் சொன்னது. இதை மறைத்துவிட்டு விலங்குச் சோதனை பயனற்றது என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதன்பின் போலியோ ஊசி பாதுகாப்பானது எதனால்? கிருமிக் கலவையில் கட்டிகள் இருந்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்யும் ஃபார்மலின் உள்ளே புகாது என்று கண்டு, வடிகட்டும் முறையைத் திருத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து பார்க்கத் தொடங்கியதால். அந்தக் காலத்தில் போலியோ தடுப்பூசிக்காக நம் நாட்டுக் குரங்குகள் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விமானம் ஏறின என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது.

அடுத்து முயல். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும்போது சிலருக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். மருந்தில் செத்த பாக்டீரியாவின் துணுக்குகள் இருந்தால் அப்படி ஆகும். இவற்றைப் பைரோஜன் என்கிறோம். 1940களிலிருந்து இதற்கான சோதனை முயலில் நடந்தது. மூன்று முயல்களை அசையாமல் பிடித்துவைத்து, காதின் ரத்தக்குழாயில் மருந்தை ஏற்றி, மூன்று மணி நேரம் உடல் வெப்பத்தைக் கவனிப்பார்கள். 1956இல் ஃபிரெடரிக் பேங் என்பவர், குதிரைலாட நண்டின் நீல ரத்தம் பாக்டீரியா பட்டதும் உறைவதைக் கண்டார். ஜாக் லெவினும் அவரும் அதை ஒரு சோதனையாக வளர்த்தார்கள். 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஏற்றது. முயல்கள் பெருமளவு தப்பின. நண்டு மாட்டிக்கொண்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் லட்சக்கணக்கில் பிடித்து, ரத்தம் எடுத்துவிட்டுக் கடலில் விடுகிறார்கள். அதில் ஒரு பங்கு இறந்துபோகிறது. அந்த நண்டின் முட்டையை நம்பி டெலவேர் வளைகுடாவில் இறங்கும் வலசைப் பறவைகளுக்கும் இது நெருக்கடி.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் நம் பக்கத்துச் சிங்கப்பூரில் இருந்தார்கள். தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ போ இருவரும் 1990களில், நண்டின் ரத்தத்தில் முதலில் விழித்துக்கொள்ளும் ‘காரணி சி’ என்ற புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அந்தப் புரதத்தை நண்டே இல்லாமல் செல்களில் தயாரிக்கலாம். ஐரோப்பியத் தரநூல் அதை 2021இல் சேர்த்தது. அமெரிக்கத் தரநூல் 2024இல் ஒப்புதல் தந்தது. கண்டுபிடித்து ஒப்புதல் பெறக் கால் நூற்றாண்டு! அறிவியல் தயாராக இருந்தது, விதிதான் காத்திருந்தது.

நண்டுச் சோதனை ஒருவகை பாக்டீரியாத் துணுக்கை மட்டுமே கண்டுபிடிக்கும். மற்றவகைப் பைரோஜன்களுக்கு என்ன வழி? மனிதருக்குக் காய்ச்சல் வருவது மனித ரத்தத்தின் மானோசைட் செல்கள் எழுப்பும் சமிக்ஞையால். அப்படியானால் கொடையாக வந்த மனித ரத்தத்தின் அந்தச் செல்களிடமே மருந்தைக் காட்டி, சமிக்ஞை எழுகிறதா என்று அளக்கலாமே என்று 1990களில் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹார்ட்டுங் முதலியோர் வழிகண்டார்கள். முயலின் காய்ச்சலை வைத்து மனிதனின் காய்ச்சலை ஊகிப்பதைவிட இது நேர்வழி. 2018இல் இந்தியத் தரநூல் முயலுக்குப் பதிலாக இந்த இருவகைச் சோதனைகளையும் ஏற்றபோது நான் உள்ளபடியே மகிழ்ந்தேன். ஐரோப்பா 2021இல், ஐந்தாண்டுக்குள் முயல் சோதனையை அடியோடு விடுவோம் என்று அறிவித்து, 2024இல் அதற்கான திருத்தங்களை நிறைவேற்றியது. இந்த விஷயத்தில் நாம் யாருக்கும் பின்னால் நிற்கவில்லை.

நச்சியல் பக்கம் வருகிறேன். புதிய பொருள் நஞ்சா என்பது ஒரு கேள்வி. கையில் இருக்கும் பாட்டிலில் நஞ்சு கலந்திருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1937இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து விற்ற சல்ஃபா மருந்தால் நூறு பேருக்குமேல் இறந்தார்கள். விற்பதற்கு முன் யாரும் எந்த உயிரிலும் அதைச் சோதித்திருக்கவில்லை. அதன் விளைவாகத்தான் அங்கே 1938 சட்டம் வந்தது. அதே திரவம் 1972இல் சென்னையில் 14 குழந்தைகளைக் கொன்றது. 2025இல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் கலந்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சிறுநீரகத்தை அழித்தது. அது நஞ்சு என்று எண்பது ஆண்டுக்கு மேலாக உலகத்துக்கே தெரியும். இனி எந்த எலியும் அதற்காகச் சாக வேண்டியதில்லை. வாயு குரோமட்டோகிராஃபி என்ற கருவியில் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டதுதான் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. விலங்குச் சோதனை குறைந்தால் பாதுகாப்பு குறையும் என்று அஞ்சுபவர்கள் இந்த இடத்தை நின்று பார்க்க வேண்டும்.

முதல் கேள்விக்கும் விலங்கு எப்போதும் சரியான விடை தருவதில்லை. 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், டிஜிஎன்1412 என்ற எதிரணு மருந்தை ஆறு இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். குரங்குகள் சிக்கலின்றித் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் தலைவலி, நடுக்கம், வாந்தி. பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. தீவிர சிகிச்சையால் உயிர் தப்பினார்கள், ஒருவர் விரல்களை இழந்தார். அந்த மருந்து போய் ஒட்டும் சிடி28 என்ற புரதம் மனிதரின் ஒருவகை டி செல்களில் உண்டு, சோதித்த குரங்கின் அதே செல்களில் இல்லை. பின்னர் பிரிட்டனின் உயிரியல் தர நிறுவனத்தார், மருந்தைத் தட்டில் ஒட்டவைத்து மனித ரத்தச் செல்களை அதன்மேல் விட்டபோது, அந்த இளைஞர்கள் உடலில் நடந்தது தட்டிலேயே நடந்தது. இந்தச் சோதனை முன்பே நடந்திருக்கக்கூடாதா என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு.

அழகுப்பொருள் சோதனையை விரைவாகக் கடக்கிறேன். முயலின் கண்ணில் ஷாம்பூவை விட்டுப் பார்க்கும் டிரேஸ் சோதனை 1944இல் வந்தது. இன்று மனிதத் தோல் செல்களை அடுக்கடுக்காக வளர்த்துத் தோல்போலவே ஆக்கிச் சோதிக்கிறார்கள். அழகுப்பொருளுக்கான விலங்குச் சோதனையை இந்தியா 2014இல் தடைசெய்தது. 2023இல் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, செல், சில்லு, கணினி வழிச் சோதனைகளுக்கும் இடம் தந்தது. இவற்றுக்கெல்லாம் வேர் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதற்குக் காரணமாயிருந்தவர் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவைத் திரும்பப் பெறச் சொல்லி, அரசே மசோதா கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்தார். இயலும் இடமெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்ற கருத்து அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கலாக்ஷேத்திராவை உருவாக்கியவர் என்று மட்டுமே அவரை நினைவில் வைத்திருப்பது நமக்குப் போதாது.

அப்படியானால் வெறிநோய்த் தடுப்பூசிக்கு மாற்று இருக்கிறதா? இருக்கிறது. அந்தக் கிருமியின் மேற்பரப்பில் கிளைக்கோபுரதம் என்ற முள் உண்டு. நம் உடலுக்குப் பாதுகாப்பு தருவது அதற்கு எதிராக உருவாகும் எதிரணுக்கள்தான். வடிவம் கெடாத முள்ளை மட்டும் பிடிக்கும் எதிரணுவைத் தட்டில் பூசி, தடுப்பூசியில் எத்தனை நல்ல முள் இருக்கிறது என்று எலைசா முறையில் ஓரிரு நாளில் அளந்துவிடலாம். சூடு பட்டுக் கெட்டுப்போன மருந்தையும் அது காட்டும். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசிக்கு இத்தகைய முறை எப்போதோ வந்துவிட்டது. கோவிட் காலத்தின் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் விலங்கு வீரியச் சோதனை இல்லாமலேயே பேட்ச் பேட்சாக வெளிவந்தன.

பிறகு ஏன் தாமதம்? ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு வெறிநோய்க் கிருமி வகையைப் பயன்படுத்துகிறது, ஒரே எதிரணு எல்லாவற்றையும் ஒன்றுபோலப் பிடிக்க வேண்டும். இது உண்மையான தடை, உழைத்தால் தீரும். மற்றொரு தடை நாமே போட்டது. புதிய முறையின் விடை, எலிச் சோதனையின் விடையோடு ஒத்துப்போக வேண்டும் என்று கேட்கிறோம். கோணல் கோலை வைத்து நேர்கோலைச் சரிபார்ப்பது போன்றது அது. பாதுகாப்பானது என்று மனிதர்களிடமே நிரூபணமான பேட்சுகளோடு புதிய பேட்சை ஒப்பிட்டு, சீராக இருக்கிறதா என்று பார்ப்பதே தகுந்த வழி. மூன்றாவது தடை, நாட்டுக்கு நாடு விதி வேறாக இருப்பது. உலகத்துக்கே தடுப்பூசி செய்து அனுப்பும் இந்தியாவில் ஒரு நிறுவனம் எலியைக் கைவிட நினைத்தாலும், வாங்கும் நாடு ஒன்று பழைய சோதனையைக் கேட்டால் கூண்டைக் காலிசெய்ய முடியாது. இதில் நம் அரசுக்கு வேலை இருக்கிறது. பெரிய ஏற்றுமதி நாடு என்ற முறையில் நாம் முன்னின்று பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள்.

எல்லாவற்றையும் இன்றே மாற்றிவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. கருவுற்ற தாயின் உடலில் ஒரு மருந்து என்ன செய்யும், பல ஆண்டு உட்கொண்டால் கல்லீரலுக்கு என்ன ஆகும் என்பவற்றுக்குத் தட்டில் வளரும் செல் முழு விடை தராது. பாம்புக்கடி மருந்து அதைவிடக் கடினம். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் நஞ்சை நம்பியே நாட்டின் பெரும்பகுதி விஷமுறி மருந்து உருவாகிறது. அந்த நஞ்சைக் குதிரைக்குச் செலுத்தி, ரத்தத்திலிருந்து மருந்தை எடுக்கிறார்கள். ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் நல்லபாம்பு நஞ்சையும் அதே அளவு கண்ணாடி விரியன் நஞ்சையும், 0.45 மில்லிகிராம் கட்டுவிரியன், சுருட்டை விரியன் நஞ்சையும் முறிக்க வேண்டும். முறிக்கிறதா என்பதை எலியின் உயிரைக் கொண்டுதான் பார்க்கிறார்கள். பாம்பு நஞ்சு பல புரதங்களின் கலவை. ஒன்று நரம்பைத் தாக்கும், ஒன்று ரத்தத்தை உறையவிடாது, ஒன்று சதையை அழுகவைக்கும். ஒரே தட்டில் எல்லாவற்றையும் அளக்க முடியாது. ஆனால் ரத்தம் உறைதலைக் கெடுக்கும் நஞ்சைக் குழாயிலேயே அளக்கலாம், நரம்பு நஞ்சு எதிரணுவோடு பிணைவதை எலைசாவில் அளக்கலாம். பிரித்துப் பிரித்துத்தான் முன்னேற வேண்டும்.

திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் விலங்குகளுக்கு மாற்று காண்பதற்கென்றே 2009இல் மகாத்மா காந்தி பெயரில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. தவளை அறுக்காமல் விலங்கியல் படித்த முதல் தலைமுறை நீங்கள். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் உயிர்வேதியியல் மாணவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், அவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. கண்ணாடி விரியன் நஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறைதலைக் கெடுக்கும் அதன் ஆற்றலை விஷமுறி எவ்வளவு முறிக்கிறது என்று மனித ரத்தப் பிளாஸ்மாவில் அளந்து, அதே பேட்சுகளின் எலிச் சோதனை முடிவுகளோடும், முடிந்தால் மருத்துவமனையில் கடிபட்டு வந்தவர்களின் குணமாகும் விவரங்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நஞ்சு வடநெம்மேலியில் கிடைக்கும். பாம்புக்கடி நோயாளிகள் நம் மாவட்ட மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். ஓர் ஆய்வகமும் நல்ல வழிகாட்டியும் மூன்று நான்கு ஆண்டுப் பொறுமையும் இருந்தால் செய்யக்கூடிய வேலை. யாராவது முன்வந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், எங்கிருந்து தொடங்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.